மாற்றத்தின் தடம்: முறைமைக் கோப்புகளும் அலுவிகாரை ஏடுகளும்

ஒரு கணினி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை அதன் முறைமைக் கோப்புகள். எந்தப் பயனர் உள்ளே வரலாம், எந்த முகவரியில் வலையமைப்போடு பேச வேண்டும், மின்சாரம் வந்ததும் எந்தச் சேவை தானாக எழ வேண்டும், அச்சுப்பொறி எங்கே இருக்கிறது, தீச்சுவர் எதைத் தடுக்க வேண்டும் என்பதெல்லாம் இவற்றில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. லினக்ஸ் சேர்வர்களில் இவற்றில் பெரும்பாலானவை ‘எட்சி’ என்ற ஒரே கோப்புறைக்குள் வெறும் எழுத்துக் கோப்புகளாக இருக்கின்றன. எந்த எழுத்துத் தொகுப்பியிலும் திறந்து வாசிக்கலாம், திருத்தலாம். ஒரு வரியில் ஓர் எண் தவறினால் அலுவலகம் முழுவதும் இணையமின்றி நின்றுவிடும்.

இந்தக் கோப்புகள் நாள்தோறும் மாறுவதில்லை. மாறும்போது பெரும்பாலும் அவசரத்தில் மாறுகின்றன. ஏதோ ஒன்று இயங்கவில்லை, வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், மேலதிகாரி தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்; அந்த வேளையில் கணினிப் பொறுப்பாளர் இரண்டு மூன்று கோப்புகளில் கைவைக்கிறார், ஏதோ ஒரு மாற்றம் பலிக்கிறது, வேலை தொடர்கிறது. எந்த மாற்றம் பலித்தது, பலிக்காத மற்ற மாற்றங்கள் திருப்பப்பட்டனவா என்பது அவருக்கே மறுவாரம் நினைவில் இராது. முன்ஜாக்கிரதை உள்ளவர்கள் திருத்துவதற்கு முன் பழைய கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் பின்னால் ‘பழையது’ என்றோ அன்றைய திகதியையோ சேர்த்து வைப்பார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கோப்புறையில் ஒரே கோப்பின் ஏழெட்டுப் பிரதிகள் சேர்ந்துவிடும். அவற்றில் எது நன்றாக இயங்கியது, எது ஏன் கைவிடப்பட்டது என்பதைப் பெயர்கள் சொல்வதில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் முறையே பதிப்புக் கட்டுப்பாடு. ஒவ்வொரு மாற்றத்தையும் என்ன மாறியது, யார் மாற்றினார், எப்போது, எதற்காக என்ற நான்கு விவரங்களோடும் சேர்த்துப் பதிவது அதன் இலக்கணம். பிரதி எடுப்பது முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாக, விடை தரும். மற்ற மூன்றும் பதியப்படாவிட்டால் கையில் இருப்பது வரலாறு ஆகாது. பழைய தாள்களின் குவியலே. நான்கும் பதியப்பட்டாலும் அந்தப் பதிவு ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அது பாதுகாப்பு ஆகாது. முறைமைக் கோப்புகளைப் பற்றிய விவாதங்களில் இந்த இரண்டும் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படுகின்றன. இரண்டையும் பிரித்துக் காட்டும் தெளிவான சான்று, கணினிக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் கிடைக்கிறது.

அலுவிகாரை

மாத்தளை நகருக்கு வடக்கே சுமார் 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியோரம் அலுவிகாரைப் பாறைக் கோயில் இருக்கிறது. தேரவாத பௌத்தத்தின் மூலநூலான திரிபிடகம் முதன்முதலில் எழுத்தில் பதியப்பட்ட இடம் இதுவே என்பது மரபு. காலம் கி.மு. முதலாம் நூற்றாண்டு, வட்டகாமணி அபயன் ஆட்சி. மகாவம்சம் இந்நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறது; இடத்தைச் சொல்லவில்லை. மாத்தளையைக் குறிப்பிடுவது பிற்காலத்து, 14ஆம் நூற்றாண்டு நூலான நிகாய சங்கிரகம்.

அதற்கு முன்னும் அந்நூல் கட்டுப்பாடின்றி இருக்கவில்லை. அது மனப்பாடமாக இருந்தது. மனப்பாடத்துக்கும் ஒரு முறைமை இருந்தது. பாணகர் எனப்பட்ட ஓதுவோர் குழுக்கள் நூலின் பகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டன. தீக நிகாயத்துக்கு ஒரு குழு, மஜ்ஜிம நிகாயத்துக்கு இன்னொன்று. கூட்டாக ஓதும்போது ஒருவர் சொல் பிசகினால் மற்றவர்களின் குரல் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில்லாத ஒரு சமூகம் பிழையைக் கண்டுபிடிக்க அமைத்துக்கொண்ட ஏற்பாடு இது. மிக உறுதியான ஏற்பாடும்கூட.

அது முறிந்தது பஞ்சத்தாலும் போராலும். வட்டகாமணி அபயன் அரியணையை இழந்து தம்புள்ளைப் பகுதிக் குகைகளில் மறைந்து வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஆண்டுகளில், ஐந்து தமிழ்த் தலைவர்கள் அடுத்தடுத்து அநுராதபுரத்தை ஆண்டனர். அதே காலத்தில் நாட்டைக் கடும் பஞ்சம் பிடித்தது. பிக்குகள் பலர் இறந்தனர், பலர் கடல் கடந்து போயினர். விநய உரையான சமந்தபாசாதிகா அந்நாளைய ஒரு நிலையைப் பதிந்து வைத்திருக்கிறது. மகாநித்தேசம் என்ற நூலை முழுதாக அறிந்தவர் ஒரே ஒரு பிக்குதான் மிஞ்சியிருந்தார்; அவரோ ஒழுக்கம் கெட்டவர் என்று பெயர் எடுத்தவர். அவரிடம் போய் நூலைக் கற்றுக்கொள்ளும்படி மகாரக்கித தேரரை மூத்தவர் ஒருவர் வற்புறுத்த வேண்டியிருந்தது. நூல் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவர் காலடியில் உட்காரத்தான் வேண்டும்.

சேர்வரின் நுணுக்கங்கள் ஒரே பொறுப்பாளருக்கு மட்டும் தெரிந்திருக்கும் எந்த அலுவலகமும் இந்த நிலையில்தான் இருக்கிறது. அவர் இடமாற்றம் பெற்றாலோ வெளிநாடு போனாலோ முறைமை அவரோடு போய்விடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் கணினித் துறையினர் பலர் நாட்டை விட்டு வெளியேறிய இலங்கையில் இந்த ஆபத்து கற்பனையல்ல.

எழுதுவதென முடிவான பின் வேலை பெரிது. மரபுப்படி ஐந்நூறு பிக்குகள் அதில் ஈடுபட்டனர். தாளிப்பனையின் இளங்குருத்து ஓலைகளை அவித்து, உலர்த்தி, தேய்த்து மெருகேற்றி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் கலந்த மையைப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கறுப்பு நிற்கும். இன்றும் அலுவிகாரைக்குப் போகிறவர்களுக்கு இந்த முறை செய்து காட்டப்படுகிறது. வெப்ப நாட்டில் ஓலை சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆகவே எழுதுவது ஒருமுறை வேலை அல்ல. தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்க வேண்டும். படியெடுக்கும் ஒவ்வொரு முறையும் புதிய பிழை நுழைய வழியுண்டு.

வேறுபாடுகளை எப்படிக் கையாண்டார்கள் என்பதே இந்த வரலாற்றில் கணினிக்காரர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டிய பகுதி. 5ஆம் நூற்றாண்டின் உரைகள் ஒரு கருத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தால் ஒன்றை அழித்துவிட்டு மற்றதை வைக்கவில்லை. குத்தக நிகாயத்தில் எந்தெந்த நூல்கள் அடங்கும் என்பதில் தீக பாணகர் ஒரு பட்டியலும் மஜ்ஜிம பாணகர் வேறொரு பட்டியலும் சொன்னார்கள். உரையாசிரியர் இரண்டையும் யாருடையது எது என்று பெயரிட்டே எழுதி வைத்தார். 1954 முதல் 1956 வரை ரங்கூனில் நடந்த ஆறாவது சங்காயனத்தின் பதிப்பிலும் அடிக்குறிப்புகள் இதே வேலையைச் செய்கின்றன. இச்சொல் சிங்கள ஏட்டில் இப்படி, சீயத்தில் இப்படி, கம்போடியாவில் இப்படி, இங்கிலாந்துப் பாளி நூற்சங்கப் பதிப்பில் இப்படி என ஒவ்வொரு பாடபேதமும் அதன் ஊரோடு குறிக்கப்பட்டிருக்கிறது. இன்றைய நிரல் எழுத்தாளர் இதைப் பார்த்தால் உடனே அடையாளம் காண்பார். பல கிளைகளாகப் பிரிந்த ஒரு களஞ்சியம், கிளைகளுக்கு இடையிலான வேறுபாட்டுப் பட்டியலோடு அச்சேறியிருக்கிறது.

அலுவிகாரை நூலகத்தின் முடிவு 1848இல் வந்தது. ஆளுநர் டொரிங்டன் நாய்க்கும் துப்பாக்கிக்கும் வண்டிக்கும் கடைக்கும் விதித்த வரிகளை எதிர்த்து எழுந்த மாத்தளைக் கிளர்ச்சியில், அந்த ஆண்டு யூலையில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சியாளர் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி வரிப் பதிவேடுகளை அழித்தனர். கிளர்ச்சியை அடக்கிய பிரித்தானியப் படைகள் அலுவிகாரை நூலகத்தை அழித்தன. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஓகஸ்ட் 8ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே ஆண்டில், ஒரே மாவட்டத்தில், அரசின் ஏடுகளும் பௌத்த சங்கத்தின் ஏடுகளும் அழிந்துபோயின. இரு தரப்பும் எதிரியின் பதிவேட்டைத் தேடிப் போய் அழித்தது தற்செயல் அல்ல. யாரிடம் எவ்வளவு அறவிட வேண்டும் என்பது ஏட்டில்தான் இருந்தது; மலைநாட்டின் மானமும் ஏட்டில்தான் இருந்தது.

ஆனால் திரிபிடகம் அழியவில்லை. அது அதற்குள் பர்மாவிலும் சீயத்திலும் கம்போடியாவிலும், இலங்கையின் வேறு விகாரைகளிலும் இருந்தது. கண்டியில் அறுந்துபோயிருந்த துறவுத் தீட்சை மரபை மீட்க 1753இல் உபாலி தேரர் சீயத்திலிருந்து வந்தார். தொடர்ந்த ஆண்டுகளில் நூல்களும் வந்தன. மண்டலேயில் மன்னர் மிண்டோன் 1860களில் திரிபிடகம் முழுவதையும் 729 பளிங்குப் பலகைகளில் வெட்டுவித்தார். அலுவிகாரையில் எழுதப்பட்ட ஓலைகளில் ஒன்றுகூட இன்று இல்லை. கிடைத்திருக்கும் மிகப் பழைய பாளி ஏடுகள் 8 அல்லது 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நான்கு ஓலைகள்; அவையும் இருப்பது காத்மண்டுவில். மூல ஓலை முழுதும் போன பின்னும் நூல் நிற்பதற்குக் காரணம் பரவல் ஒன்றே.

அதே ஏ9 வீதியின் மறுமுனையில் நடந்தது வேறு. 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களில் பலவற்றுக்கு வேறு பிரதிகள் உலகில் இருந்தன. பிரதியெடுக்கப்படாத ஓலைச்சுவடிகளும் கையெழுத்துகளும் என்றென்றைக்குமாகப் போயின. ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் பரவலாக்க 2005இல் தொடங்கிய நூலகம் திட்டத்தின் பெறுமதி இந்த இழப்பை வைத்துத்தான் அளக்கப்பட வேண்டும்.

கருவிகள் வந்த வழி

கணினியில் மாற்றத்தைப் பதியும் முதல் கருவியான எஸ்சிசிஎஸ், 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரோச்கிண்ட் எழுதியது. 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிக்கி எழுதிய ஆர்சிஎஸ் அதைவிட விரைவானது. அது கடைசிப் பதிப்பை முழுதாக வைத்து, பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகச் சேமித்தது. ஒரு கோப்பு, ஒரு கணினி என்ற அளவில் அது போதுமானது. முறைமைக் கோப்புகளுக்குப் பதிப்புக் கட்டுப்பாடு என்ற பழக்கமே ஆர்சிஎஸ் காலத்து யூனிக்ஸ் பொறுப்பாளர்களிடம்தான் வேரூன்றியது. பின்னர் சிவிஎஸ், சப்வேர்ஷன் ஆகியவை வந்தன. இரண்டிலும் முழு வரலாறு நடுவில் உள்ள ஒரே சேர்வரில் இருந்தது. அந்தச் சேர்வர் கெட்டால் வரலாறு கெட்டது.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவுக்காக எழுதிய கிட் அந்த அமைப்பைக் கவிழ்த்தது. கிட்டில் பிரதி எடுக்கும் ஒவ்வொருவரும் முழு வரலாற்றையும் எடுக்கிறார். ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட 40 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. அந்தக் கணக்கில் முந்தைய பதிவின் அடையாளமும் சேர்கிறது. பழைய பதிவொன்றில் ஓர் எழுத்தை யாராவது இரகசியமாக மாற்றினால் அதற்குப் பின் வந்த எல்லா அடையாளங்களும் மாறிப்போகும். பிழையை உடனே காட்டிக்கொடுப்பதும் பல இடங்களில் முழுதாக இருப்பதும் கிட் என்ற ஒரே கருவியில் கூடியிருக்கின்றன. இன்று புதிதாகத் தொடங்குகிறவர் வேறு கருவியைத் தேட வேண்டிய தேவை இல்லை.

ஆனால் கிட் நிரல் எழுதுவோருக்காகச் செய்யப்பட்டது. முறைமைக் கோப்புகளுக்கு வேண்டிய சிலவற்றை அது பார்ப்பதே இல்லை. ஒரு கோப்பு யாருக்கு உரியது, யார் வாசிக்கலாம் என்ற அனுமதி விவரங்களில், இயக்கக்கூடியதா இல்லையா என்ற ஒன்றை மட்டுமே கிட் நினைவில் வைக்கும். வெற்றுக் கோப்புறையை அது பதியாது. கடவுச்சொற்களின் மறைவடிவம் உள்ள கோப்பை வெறும் கிட்டில் வைத்துத் திரும்ப எடுத்தால், எல்லோரும் வாசிக்கக்கூடிய கோப்பாக அது வெளிவந்துவிடலாம். இந்த இடைவெளியை நிரப்ப ஜோயி ஹெஸ் 2007இல் எழுதியது எட்ச்கீப்பர். கிட்டின் மேல் அமர்ந்துகொண்டு அனுமதி விவரங்களைத் தனிக் கோப்பில் குறித்து வைக்கும். மென்பொருள் புதுப்பிக்கப்படுவதற்கு முன் ஒரு பதிவு, பின் ஒரு பதிவு எனத் தானாகச் செய்யும். அன்றாடம் ஒருமுறை, மறந்துபோன மாற்றங்களையும் சேர்த்துப் பதியும்.

தொடங்கும் முறை

டெபியன், உபுண்டு வகைச் சேர்வரில் எட்ச்கீப்பரை நிறுவினால் முதல் பதிவு தானாகவே நடந்துவிடும். மற்றவற்றில் ‘எட்ச்கீப்பர் இனிட்’, பின்னர் ‘எட்ச்கீப்பர் கமிட்’ என்ற இரண்டு கட்டளைகள். அந்தக் கணத்திலிருந்து வரலாறு தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளை எந்தக் கருவியாலும் திரும்பப் பெற முடியாது. ஆகவே கோப்புகளை ஒழுங்குபடுத்திவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருப்பது தவறு. இருக்கும் குழப்பத்தை அப்படியே முதல் பதிவாக வைத்துவிட்டு, ஒழுங்குபடுத்துவதை இரண்டாவது பதிவாகச் செய்ய வேண்டும். அப்போது என்ன ஒழுங்குபடுத்தப்பட்டது என்பதும் தெரியும்.

நடைமுறையில் இது எப்படி உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாத்தளை நகரில் ஓர் அலுவலகம், முப்பது கணினிகள், அவற்றுக்கு முகவரி வழங்கும் ஒரு லினக்ஸ் சேர்வர். முகவரி எல்லை 192.168.10.50 முதல் 192.168.10.99 வரை. மேல்மாடிக்குப் புதிய கணினிகள் வருகின்றன; பொறுப்பாளர் எல்லையை 192.168.10.149 வரை நீட்டுகிறார். எல்லாம் நன்றாக இயங்குகிறது. சில வாரங்களுக்குப் பின் கணக்குப் பிரிவின் அச்சுப்பொறி சில நாட்களில் அச்சிடுகிறது, சில நாட்களில் இல்லை. கம்பியை மாற்றிப் பார்க்கிறார்கள், மையை மாற்றிப் பார்க்கிறார்கள். பதிப்புக் கட்டுப்பாடு இருந்தால் ‘கிட் லாக்’ கட்டளை அண்மைக் கால மாற்றப் பதிவுகளைத் திகதிவாரியாகக் காட்டும். ‘கிட் டிஃப்’ ஒரே ஒரு மாற்றத்தைக் காட்டும்: கழித்தல் குறியோடு 99இல் முடியும் பழைய வரி, கூட்டல் குறியோடு 149இல் முடியும் புதிய வரி. அச்சுப்பொறியின் நிலையான முகவரி 120. புதிய எல்லைக்குள் அது விழுந்துவிட்டது. ஏதாவது ஒரு கணினிக்கு அதே முகவரி வழங்கப்படும் நாளில் அச்சுப்பொறி காணாமல் போகிறது. நாட்கணக்கான தேடல் சில நிமிடங்களில் முடிகிறது.

அந்தப் பதிவோடு எழுதப்படும் குறிப்பே இதில் உயிர். ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதினால் அது எதையும் சொல்லவில்லை. ‘மேல்மாடிக்குப் புதிய கணினிகள் வந்தன; முகவரி போதவில்லை; எல்லை 149 வரை’ என்று எழுதினால், ஐந்து ஆண்டு கழித்து வரும் புதியவருக்கும் காரணம் தெரியும். என்ன மாறியது என்பதைக் கருவியே காட்டிவிடும். ஏன் மாறியது என்பதை மனிதர்தான் எழுத வேண்டும்.

இந்தக் குறிப்புகளைத் தமிழில் எழுதத் தடையே இல்லை. கிட் யூனிகோடில் எழுதப்பட்ட எந்த மொழியையும் அப்படியே வைத்துக்கொள்ளும். தமிழில் பெயரிட்ட கோப்புகளை மட்டும் அது தொடக்கத்தில் எண்களும் சாய்கோடுகளுமாகக் காட்டும். ‘கோர் கோட்பாத்’ என்ற அமைவை ‘ஃபால்ஸ்’ என மாற்றினால் பெயர்கள் சரியாகத் தெரியும். தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் மாத்தளை போன்ற மாவட்டத்தில், யாருக்கு எந்த மொழியில் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வருகிறதோ அந்த மொழியில் எழுதுவதே நல்லது. தடுமாறும் ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒற்றைச் சொல்லைவிட, தெளிவான ஒரு தமிழ் வாக்கியம் பின்னால் வருபவருக்குப் பெரிய உதவி.

‘யார்’ என்ற கேள்விக்கும் முன்கூட்டியே வழி செய்ய வேண்டும். பல அலுவலகங்களில் எல்லோரும் ‘ரூட்’ என்ற ஒரே தலைமைப் பயனராக உள்ளே போகிறார்கள். அப்படியானால் எல்லாப் பதிவுகளும் ஒரே பெயரில் இருக்கும். கிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்குக் கொடுத்து, ‘சூடோ’ வழியாக மட்டும் உயர் அனுமதி பெறச் செய்தால், எட்ச்கீப்பர் உண்மையான பயனரின் பெயரையே பதிவில் இடும். குற்றவாளியைப் பிடிப்பதற்காக அல்ல இது. மாற்றத்தைப் பற்றி யாரிடம் கேட்கலாம் என்று அறிவதற்காக. இந்த வேறுபாட்டை நிர்வாகம் உணராத இடங்களில் ஊழியர்கள் பதிவைத் தவிர்க்கவே வழி தேடுவார்கள்.

எல்லாவற்றையும் பதிய வேண்டியதில்லை. கணினி தானாக உருவாக்கும் இடைக்காலக் கோப்புகள், எழுத்துத் தொகுப்பிகள் விட்டுச் செல்லும் பழைய பிரதிகள் போன்றவற்றை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம். இல்லாவிட்டால் மாற்றப் பட்டியல் முழுவதும் இவையே நிறைந்து, முக்கியமான ஒரு வரி அவற்றுக்குள் புதைந்துவிடும்.

இரகசியங்கள்

முறைமைக் கோப்புகளில் கடவுச்சொற்களின் மறைவடிவங்களும் தனிச்சாவிகளும் தரவுத்தளக் கடவுச்சொற்களும் இருக்கின்றன. நிரல் களஞ்சியத்துக்கும் முறைமைக் களஞ்சியத்துக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுவே; புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவதும் இங்கேதான். களஞ்சியக் கோப்புறையைத் தலைமைப் பயனர் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாதபடி வைக்க வேண்டும். அதைப் பொதுத் தளம் எதிலும் ஏற்றக் கூடாது. தனிப்பட்டது என்று குறிக்கப்பட்ட தளமானாலும், இரகசியங்களை மறைகுறியாக்கம் செய்யாமல் அனுப்பக் கூடாது.

தவறி ஒரு கடவுச்சொல் பதிவாகிவிட்டால், அடுத்த பதிவில் அதை நீக்குவதால் பயனில்லை. வரலாறு எதையும் மறக்காது என்பதுதானே இந்தக் கருவியின் பலம். பழைய பதிவைத் திறந்தால் அது அங்கேயே இருக்கும். வரலாற்றைத் திருத்தி எழுத வழிகள் உண்டு. ஆனால் வேறு பிரதிகள் ஏற்கெனவே பரவியிருக்கும். செய்ய வேண்டியது ஒன்றே: அந்தக் கடவுச்சொல்லையே மாற்றிவிட வேண்டும்.

இரண்டாவது இடம்

எட்ச்கீப்பர் நிறுவியவுடன் வரலாறு இருப்பது அதே சேர்வரின் அதே வன்தட்டில். வன்தட்டுப் போனால் கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்தே போகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையக மாவட்டங்களில் பெரும் மண்சரிவுகள் ஏற்பட்டன. கட்டடமே போகக்கூடிய நிலத்தில், அதே கட்டடத்தின் இன்னோர் அறையில் வைத்த பிரதி இரண்டாவது பிரதியாகாது.

தொலைவில் இருந்தாலும் எப்போதும் இணைந்தே இருக்கும் பிரதியும் போதாது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசின் மேகக் கணிமைச் சேவை மீது நடந்த கப்பக் கோரிக்கைத் தாக்குதல் இதற்குச் சான்று. சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. முறைமையைச் சீக்கிரமே மீட்டெடுத்தார்கள். ஆனால் இணைந்திருந்த காப்புப் பிரதிகளும் பாதிக்கப்பட்டிருந்தன. இணைப்பில்லாத பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் மீளவில்லை. பயன்பாட்டில் இருந்த மின்னஞ்சல் மென்பொருள் காலாவதியானது என்பதும் அப்போது வெளிவந்தது. ஒரு நாட்டின் அமைச்சுகள் மூன்று மாதக் கடிதப் போக்குவரத்தை இழந்தது சிறிய விடயம் அல்ல. அதிலிருந்து மாவட்ட மட்டத்தில் கற்றுக்கொள்ளப்பட வேண்டியது நிறைய.

இங்கே ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். பதிப்புக் கட்டுப்பாடு காப்புப் பிரதிக்கு மாற்று அல்ல. அமைவுக் கோப்புகளின் வரலாற்றை அது வைத்திருக்கும். மின்னஞ்சல்களையும் தரவுத்தளங்களையும் அல்ல. காப்புப் பிரதியும் சோதிக்கப்படாத வரை நம்பத்தக்கது அல்ல. 2017 ஜனவரி 31இல், பதிப்புக் கட்டுப்பாட்டுச் சேவையையே தொழிலாகக் கொண்ட கிட்லாப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சேர்வரில் சுமார் 300 ஜிகாபைட் தரவை அழித்துவிட்டார். ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன; எதுவும் எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காக எடுத்த பிரதிதான் கைகொடுத்தது. நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் முழுமையாக வெளியிட்டது; அந்த நேர்மையால்தான் மற்றவர்களுக்கும் அந்தப் பாடம் கிடைத்தது.

பல கணினிகள்

சேர்வர் ஒன்றோ இரண்டோ இருக்கும் வரை மேற்சொன்னது போதும். பத்துப் பதினைந்து ஆனதும் கேள்வி திரும்புகிறது. ஒவ்வொரு கணினியிலும் என்ன மாறியது என்று பின்னால் பதிவதைவிட, எல்லாக் கணினிகளும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரே களஞ்சியத்தில் எழுதி, அதிலிருந்து கணினிகளை அமைப்பது எளிது. மார்க் பர்ஜெஸ் 1993இல் ஒஸ்லோவில் தொடங்கிய சிஎஃப்எஞ்சின் இந்த வழியைத் திறந்தது. 2005இல் பப்பெட், 2012இல் அன்சிபிள் வந்தன. சிறிய குழுக்களுக்கு அன்சிபிள் ஏற்றது. கட்டுப்படுத்தப்படும் கணினிகளில் தனி முகவர் மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. வலையமைப்பு ரவுட்டர்களுக்கு ரான்சிட் என்ற பழைய, நம்பகமான கருவி இருக்கிறது. அமைவுகளை அவ்வப்போது எடுத்து வந்து, மாற்றம் இருந்தால் மின்னஞ்சலில் அறிவிக்கும்.

இந்தப் பெரிய கருவிகளிலிருந்து தொடங்குவது பெரும்பாலும் பலிப்பதில்லை. மாற்றத்தைக் காரணத்தோடு பதியும் பழக்கம் இல்லாத இடத்தில் அன்சிபிளை நிறுவினாலும், அவசரம் வந்ததும் யாராவது நேரே சேர்வருக்குள் புகுந்து கையால் திருத்திவிடுவார். அடுத்த முறை அன்சிபிள் ஓடும்போது அந்தத் திருத்தம் மறைந்து, பழைய கோளாறு திரும்பும். பழக்கம் முதலில் வேண்டும். அதை எட்ச்கீப்பர் ஒன்றே பழக்கிவிடும்.

இதுவரை பெயர் சொன்னவற்றில் கிட், எட்ச்கீப்பர், அன்சிபிள், ரான்சிட் நான்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்த மென்பொருள்கள். ஒரு சேர்வரில் பதிவைத் தொடங்க அரை நாளுக்கு மேல் தேவைப்படாது. மாத்தளையில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு, அதன் களஞ்சியத்தின் முழுப் பிரதி ஒன்று மாவட்டத்துக்கு வெளியே கண்டியிலோ கொழும்பிலோ இருக்க வேண்டும். இன்னொன்று இணைப்பில்லாத வன்தட்டில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வெற்றுக் கணினியொன்றை அந்தப் பிரதியிலிருந்து எழுப்பிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் நடக்காத வரை வேலை பாதியில்தான் நிற்கிறது.